ஜாக்சன் நகரின் 3ஆம் சேனல்: ஒரு தொலைக்காட்சி நிலையம் உரிமம் இழந்த நிகழ்வு குறித்த ஆய்வு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 1953 டிசம்பரில் 3ஆம் சேனலில் ஒளிபரப்பைத் தொடங்கிய டபிள்யூஎல்பிடி நிலையத்தின் உரிமப் புதுப்பிப்பை 1969இல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. நிலையம் கடனில் மூழ்கவில்லை, தொழில்நுட்ப விதி எதையும் மீறவில்லை. தன் நேயர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் திரையிலிருந்து விலக்கி வைத்தது என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த நேயர்களே வழக்காடி அதை நிலைநாட்டினார்கள். நேயர்கள் தொடுத்த வழக்கால் ஒரு தொலைக்காட்சி நிலையம் உரிமத்தை இழந்தது அதுவே முதல் முறை.

முதல் புகார் எழுந்த 1955 முதல் நிரந்தர உரிமம் கைமாறிய 1979 வரை நடந்தவற்றை வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். பொதுவாழ்வில் இருந்த சிலரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். மற்றவர்களை அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே சுட்டுகிறேன். இந்த நிகழ்வில் பெரும் பங்காற்றிய கண்காணிப்பாளர்களின் பெயர்களோ அந்தக் காலத்திலேயே பாதுகாப்புக் கருதி மறைக்கப்பட்டவை.

பின்னணி

நிலையத்தின் உரிமையாளர் ஜாக்சனில் வேரூன்றிய ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். வானொலியில் ஏற்கனவே கால் பதித்திருந்த அந்த நிறுவனத்துக்குத் தொலைக்காட்சி அடுத்த படி. நிலையம் என்பிசி வலையமைப்பின் இணைப்பு நிலையமாக இயங்கியது. இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்காவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அமெரிக்க வலையமைப்புகள் பெருநகரங்களில் மட்டுமே சொந்த நிலையங்களை வைத்திருந்தன. மற்ற ஊர்களில் உள்ளூர் முதலாளிகளின் நிலையங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. நியூயார்க்கில் தயாராகும் நிகழ்ச்சி தொலைபேசி நிறுவனத்தின் கம்பித்தடம் வழியாகவும் நுண்ணலைத் தொடர் வழியாகவும் உள்ளூர் நிலையத்துக்கு வந்து சேரும். உள்ளூர் நிலையம் அதைத் தன் கோபுரத்திலிருந்து வீடுகளுக்கு அனுப்பும். ஆக, என்பிசி எதைக் காட்டினாலும் அது ஜாக்சன் வீடுகளுக்குள் போகுமா என்பது உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருந்தது.

வலையமைப்பு அனுப்பும் நிகழ்ச்சியை மறுக்கும் உரிமை உள்ளூர் நிலையத்துக்கு உண்டு. ஒளிபரப்பு உரிமங்களை வழங்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1941இல் வகுத்த விதிகள் அந்த உரிமையைக் காத்தன. உள்ளூர் நிலையங்களை நியூயார்க் விழுங்கிவிடக்கூடாது, ஊருக்கு ஏற்றதை ஊர்க்காரர் தீர்மானிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த விதி அது. ஊரில் யார் ஊர்க்காரர் என்று கேட்க அந்த விதிக்குத் தோன்றவில்லை.

அலைவரிசை பொதுச்சொத்து. நிலையம் அதை மூன்றாண்டுத் தவணையில் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே அன்று பெற்றது. ஒவ்வொரு தவணை முடிவிலும் பொதுநலனுக்கு உகந்தபடி நடந்துகொண்டதாகக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கும் மேலாக, சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளைப் பேசவேண்டும், பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடம் தரவேண்டும் என்ற நியாயக் கோட்பாட்டை ஆணையம் 1949இல் வகுத்திருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. நடைமுறையில் புதுப்பிப்பு என்பது முத்திரை குத்தும் வேலையாகவே இருந்தது.

நிலையத்தின் முதன்மை ஒளிபரப்பு வட்டத்தில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். நிலையத்தின் பொது மேலாளர், இனப் பிரிவினையைக் காப்பதற்கென்றே மிசிசிப்பியில் தொடங்கப்பட்ட வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் உறுப்பினர்.

கவனிக்கப்பட்டவை: 1955 முதல் 1962 வரை

1955இல் என்பிசி நிகழ்ச்சி ஒன்றில் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் தலைமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தோன்றினார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர் அவர். பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியானவர். ஜாக்சன் திரையில் அவர் முகம் மறைந்து, ‘வருந்துகிறோம், கம்பித்தடக் கோளாறு’ என்று பொருள்படும் அட்டை வந்தது. கோளாறு எதுவும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மார்ஷலை வெட்டியதை மேலாளரே மன்றக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

புகார் ஆணையத்துக்குப் போனது. 1957இல் அடுத்த புகார். பிரிவினையைக் காக்கவேண்டும் என்று வலியுறுத்தும் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய நிலையம், மறுதரப்புக்கு நேரம் கேட்டபோது மறுத்துவிட்டது. 1958இல் உரிமம் புதுப்பிக்க வந்தபோது ஆணையம் இந்தப் புகார்களைக் காட்டி முதலில் தயங்கியது. பிறகு, தவறு நடந்தது உண்மை, ஆனால் அவை ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாக நிகழ்ந்தவை என்று சொல்லி வழக்கமான மூன்றாண்டைக் கொடுத்துவிட்டது.

1962 செப்டம்பரில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கலவரம் வெடித்து இருவர் உயிரிழந்தனர். அந்த நாட்களில் மாநிலத்தின் பல நிலையங்கள் ஒரு தரப்பை மட்டுமே ஒலிக்கவிட்டன என்று மறுபடியும் புகார்கள் குவிந்தன. டபிள்யூஎல்பிடியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில் கறுப்பினப் போதகர் ஆர்.எல்.டி. ஸ்மித் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டார். பணம் கொடுத்து விளம்பர நேரம் வாங்குவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. இந்தப் போதகரைப் பின்னர் வழக்கில் மனுதாரராகப் பார்ப்போம்.

பெரிய மறுப்புகளைவிடச் சிறிய மறுப்புகள் அன்றாடம் நடந்தன. வெள்ளையர் பெயருக்கு முன்னால் ‘திரு’, ‘திருமதி’ வரும். கறுப்பினத்தவர் பெயருக்கு முன்னால் வராது. எழுபது வயது மூதாட்டியானாலும் வெறும் பெயர்தான். உள்ளூர் நிகழ்ச்சிகளில் கறுப்பின முகங்கள் அநேகமாக இல்லை. கறுப்பினத் தேவாலயங்கள் நிறைந்த ஊரில் அவற்றின் வழிபாட்டுக்கு இடம் கிடையாது. இவற்றில் எதையும் தனியாக எடுத்து விதிமீறல் என்று எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் ஆணையத்தின் கோப்பில் இவை இடம்பெறவே இல்லை.

1963: பதினேழு நிமிடம்

1963 மே மாதம் ஜாக்சன் மேயர் தொலைக்காட்சியில் தோன்றி, ஊரில் இரு இனத்தவரும் இணக்கமாக இருக்கிறார்கள், வெளியிலிருந்து வரும் கிளர்ச்சியாளர்களே தொல்லை தருகிறார்கள் என்ற தொனியில் பேசினார். கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் மிசிசிப்பிக் களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் பதில் சொல்ல நேரம் கேட்டார். பல ஆண்டுகளாக நிலையத்தின் மீது புகார் எழுதிக்கொண்டிருந்தவரும் அவரே. ஆணையத்தின் பார்வை தன்மேல் இருப்பதை உணர்ந்த நிலையம் இந்த முறை இணங்கியது.

மே 20 அன்று எவர்ஸ் பதினேழு நிமிடம் பேசினார். உரையின் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. உரிமை, சமத்துவம் என்ற பெரிய சொற்களோடு அவர் நிற்கவில்லை. ஜாக்சனின் கறுப்பினத்தவர் ஒருவர் தன் ஊரைப் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். மக்களில் ஐந்தில் இருவர் கறுப்பினத்தவராக உள்ள நகரில் கறுப்பினப் போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை, தீயணைப்பு வீரர் இல்லை, அலுவலக எழுத்தர் இல்லை. காங்கோவில் ஒருவர் ரயில் இஞ்சின் ஓட்டலாம் என்று தொலைக்காட்சியில் கேட்கிறார், ஜாக்சனிலோ அவரால் குப்பை லாரிகூட ஓட்ட முடியாது என்றார். தொலைக்காட்சியில் வந்து, தொலைக்காட்சி காட்டும் உலகத்தையே சான்றாக நிறுத்திய பேச்சு அது.

ஜூன் 12 பின்னிரவில் தன் வீட்டு வாசலில் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முதல் முடிவு: ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பது

நியூயார்க்கில் இயங்கிய ஒன்றிணைந்த கிறிஸ்து திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்துக்கு எவரெட் பார்க்கர் தலைவர். தென்மாநிலத் தொலைக்காட்சிகள் நடந்துகொள்ளும் விதம் பற்றிக் குடிமை உரிமை இயக்கத்தினர் அவரிடம் முறையிட்டார்கள். தென்பகுதியைச் சுற்றிப் பார்த்தபின் அவர் ஜாக்சனைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கே எடுக்கப்பட்ட முடிவுதான் இந்த ஆய்வின் மையம். அதுவரை புகார்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை: இன்ன நாளில் இதைக் காட்டினார்கள், இதை வெட்டினார்கள் என்பார்கள். நிலையம் மறுக்கும். ஆணையம் விளக்கம் கேட்டு, கிடைத்த விளக்கத்தை ஏற்கும். ஒளிபரப்பு காற்றில் கரைந்துவிடும் பொருள். வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத காலம் அது. எனவே பார்க்கர் புகாரின் வடிவத்தையே மாற்ற முடிவு செய்தார். ஒரு முழு வாரம், நிலையம் திறப்பது முதல் மூடுவது வரை, ஒரு நிமிடம் விடாமல் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

1964 மார்ச் 1 முதல் 7 வரை இது நடந்தது. ஊரில் இருந்த மற்றொரு நிலையமான, சிபிஎஸ் இணைப்பு பெற்ற டபிள்யூஜேடிவியும் சேர்த்தே கண்காணிக்கப்பட்டது. பார்த்தவர்கள் ஜாக்சனில் வாழ்ந்த வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள். வெள்ளையரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கறுப்பினத்தவரின் குறிப்பு என்றால் ‘மனத்தாங்கலில் எழுதியது’ என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பது ஒன்று. அவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்து மற்றொன்று. வெள்ளையருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. வேலை போகும், அக்கம்பக்கம் ஒதுக்கும், அதைவிடக் கெட்டதும் நடக்கலாம். அதனால் பெயர்கள் வெளியிடப்படவில்லை. அடைத்த கதவுக்குப் பின்னால், முறை வைத்துக்கொண்டு, சமையல் நிகழ்ச்சியும் காலநிலை அறிவிப்பும் சோப்பு விளம்பரமும் உட்பட அத்தனையையும் பார்த்தார்கள். திரையில் யார் வந்தார், எவ்வளவு நேரம் வந்தார், எப்படி அழைக்கப்பட்டார் என்பதே கேள்வி. கருத்து எழுதக் கூடாது, கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

நேரத் தேர்வும் தற்செயலல்ல. நிலையத்தின் உரிமம் முடியும் ஆண்டு அது. மார்ச் 3 அன்று, அதாவது கண்காணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, நிலையம் புதுப்பிப்பு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது.

ஏப்ரல் 15 அன்று புதுப்பிப்பை மறுக்கக் கோரும் மனு ஆணையத்தில் பதிவானது. மனுதாரர்கள் திருச்சபை அலுவலகம், டூகலூ ஊரில் இருந்த அதன் கிளைச் சபை, மிசிசிப்பியின் குடிமை உரிமைத் தலைவர் ஆரன் ஹென்றி, போதகர் ஸ்மித். நியூயார்க் அலுவலகம் மட்டும் மனுப் போட்டிருந்தால் வெளியாரின் தலையீடு என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். உள்ளூரில் வீடும் தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்திருந்தவர்கள் மனுதாரராக நின்றது பின்னால் பெரிதும் உதவியது.

ஆணையத்தின் பதில், 1965

1965 மே மாதம் ஆணையம் தந்த முடிவு விசித்திரமானது. நேயர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று மனுவைத் தள்ளியது. அப்போதிருந்த சட்ட வழக்கின்படி அலைவரிசைக் குறுக்கீட்டால் பாதிக்கப்படும் நிலையமோ, வருமானத்தில் அடிவாங்கும் போட்டி நிலையமோதான் எதிர்வழக்காட முடியும். போட்டி முதலாளிக்கு நட்டம் வந்தால் அது சட்டப்படி பாதிப்பு, ஓர் இனமே திரையில் இல்லாமல் போனால் அது வெறும் மனக்குறை.

அதே கையோடு, நிலையத்துக்கு மூன்றாண்டுக்குப் பதில் ஓராண்டு உரிமம் மட்டும் கொடுத்தது. நியாயக் கோட்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும், கறுப்பினத் தலைவர்கள் உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்களுடன் பேச வேண்டும், பாகுபாட்டை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தது. அதாவது, மனுதாரர் சொன்னது உண்மை என்று ஏறத்தாழ ஒப்புக்கொண்டு, அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை என்றது. தலைவரும் மற்றோர் உறுப்பினரும் இதை ஏற்கவில்லை. விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்று மாறுபட்டு எழுதினார்கள்.

நல்ல நிலையம் ஒன்று ஜாக்சனுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது, எனவே இருக்கும் நிலையத்துக்கே திருந்த வாய்ப்பளிக்கலாம் என்பது பெரும்பான்மையின் தர்க்கம். பத்தாண்டுகளாகப் புகார் வாங்கிய ஒருவரிடம் பதினோராம் ஆண்டில் திருத்தத்தை எதிர்பார்த்த இந்த நம்பிக்கையை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இந்தக் கட்டத்தில் நிலையம் பொது மேலாளரை மாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்.

மனுதாரர்கள் சமாதானமாகப் போயிருக்கலாம். நிபந்தனைகளே ஒரு வெற்றிதான் என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

1966 மார்ச் 25: யார் கேட்கலாம்?

தலைநகர் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். தீர்ப்பை எழுதியவர் வாரன் பர்கர். அவர் முற்போக்காளர் என்று யாரும் சொன்னதில்லை, பழமைவாதி என்றே அறியப்பட்டவர். அதனாலேயே அவர் எழுதியதற்கு எடை கூடியது.

நேயர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்றார். ஒளிபரப்பாளர் பொதுச்சொத்தின் விலைமதிப்புள்ள ஒரு பகுதியைத் தனியுரிமையாக இலவசமாகப் பெறுகிறார். அதை ஏற்கும்போதே, நிறைவேற்றியாக வேண்டிய பொதுக்கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. செய்தித்தாளை உரிமையாளர் தன் மனம்போல நடத்தலாம், ஒளிபரப்பு நிலையத்தை அப்படி நடத்த முடியாது. பொதுமக்களின் சார்பில் ஆணையமே பேசும் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. நல்ல எண்ணமாக இருக்கலாம், அனுபவம் அதைப் பொய்யாக்கிவிட்டது என்ற பொருளில் எழுதினார்.

கதவைத் திறந்தால் ஆயிரம் பேர் வருவார்கள் என்ற ஆணையத்தின் அச்சத்துக்கும் பதில் இருந்தது. வழக்காடும் செலவே கூட்டத்தைக் கட்டுப்படுத்தும், குடிமக்கள் சங்கம், தொழிற்சங்கம், தேவாலயம் போன்ற பொறுப்புள்ள பிரதிநிதிகளை ஆணையமே தேர்ந்துகொள்ளலாம் என்றது தீர்ப்பு. ஓராண்டு உரிமத்தையும் விட்டுவைக்கவில்லை. விசாரணை நடத்தும்படி உத்தரவிட்டது.

1967 முதல் 1969 வரை: விசாரணை என்ற பெயரில்

1967 மே மாதம் ஜாக்சனில் விசாரணை நடந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் அதிகம்.

விசாரணை அதிகாரி மெய்ப்பிக்கும் பொறுப்பை மனுதாரர்கள் தலையில் ஏற்றினார். உரிமம் கேட்பவர் தான் பொதுநலனுக்கு உழைத்ததைக் காட்ட வேண்டும் என்பது விதி. இங்கோ, உழைக்கவில்லை என்பதைக் குடிமக்கள் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கேள்விகளுக்குக் குறுக்கீடு, சாட்சிகளிடம் பொறுமையின்மை. 1964இல் ஒரு வாரம் முழுக்கப் பார்த்து எழுதிய குறிப்புகள் பெரிய மதிப்பற்றவை என்று ஒதுக்கப்பட்டன. நூற்றைம்பத்தாறு வாரம் கொண்ட உரிமக் காலத்தில் ஒரு வாரம் எதைக் காட்டிவிடும் என்பது வாதம்.

இந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு வாரம் என்பது சின்ன மாதிரிதான். ஆனால் எதிர்த்தரப்பு முன்வைத்தது என்ன? நிலையமே எழுதிக் கொடுத்த நிகழ்ச்சிப் பட்டியல். கைக்கெட்டும் சான்றுகளில் வெளியாரின் கண்ணால் பார்த்தது அந்த ஒரு வாரம் மட்டுமே.

1968இல் ஆணையம் பெரும்பான்மை வாக்கில் முழு மூன்றாண்டு உரிமத்தை வழங்கியது. முன்பு ஓராண்டுக்கு மட்டுமே தகுதி என்று சொல்லப்பட்ட நிலையம், வழக்கில் தோற்றபின் மூன்றாண்டு பெற்றது.

மறுபடியும் மேல்முறையீடு. 1969 ஜூன் 20 அன்று பர்கர் இரண்டாம் தீர்ப்பை வழங்கினார். மூன்று நாள் கழித்து அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். விசாரணை அதிகாரி மனுதாரர்களை எதிரிகளைப்போல நடத்தினார், ஆணையமும் நீதிமன்ற உத்தரவை வேண்டாவெறுப்பாகவே நிறைவேற்றியது என்று தீர்ப்பு கடிந்துகொண்டது. மறுபடியும் ஆணையத்திடமே விசாரணைக்கு அனுப்பிப் பயனில்லை, பதிவேடு சீர்செய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டது என்று கூறி உரிமப் புதுப்பிப்பை ரத்து செய்தது. சேனலுக்குப் புதிய விண்ணப்பங்களை அழைக்கச் சொன்னது. பழைய உரிமையாளரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மற்றவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு வாரக் குறிப்பு இந்த வழக்கை வென்றது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. நான் அதை ஏற்கவில்லை. 1966இல் வென்றது தகுதி பற்றிய சட்ட வாதம். 1969இல் வென்றது விசாரணை நடந்த முறையின் அவலம். குறிப்பின் பயன் வேறு. அது இல்லாமல் மனுவே எழுந்திருக்காது, மனு இல்லாமல் ஆணையம் 1965இல் தவற்றை ஒப்புக்கொண்டிருக்காது, அந்த ஒப்புதல் இல்லாமல் பர்கருக்குப் பிடி கிடைத்திருக்காது.

1971க்குப் பின்

நிரந்தர உரிமையாளரைத் தேர்வு செய்யும்வரை நிலையத்தை யார் நடத்துவது என்ற கேள்விக்கு, இரு இனத்தவரும் சேர்ந்த இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் ஆணையம் அதை ஒப்படைத்தது. 1971இல் அவ்வமைப்பு பொறுப்பேற்றது. என்பிசி இணைப்பு தொடர்ந்தது.

1972இல் வில்லியம் டில்டே பொது மேலாளரானார். தென்மாநிலங்களில் வணிகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் பொது மேலாளரானது அதுவே முதல் முறை. அவர் பாஸ்டனில் டபிள்யூஹெச்டிஹெச் நிலையத்தின் பணியாளர் துறையில் இருந்தவர். அந்த நிலையமும் அதே 1972இல்தான் வேறொரு நீண்ட வழக்கில் உரிமத்தை இழந்து மறைந்தது. உரிமம் பறிபோன நிலையத்திலிருந்து உரிமம் பறிக்கப்பட்ட மற்றொரு நிலையத்தை நடத்த வந்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

பணியாளர் அனுபவம் இங்கே நேரடியாகப் பயன்பட்டது. செய்தி அறையிலும் கேமராவுக்குப் பின்னாலும் கறுப்பினத்தவர் வந்தார்கள். விளம்பரதாரர்கள் ஓடிவிடுவார்கள், வெள்ளை நேயர்கள் சேனலைத் திருப்பிவிடுவார்கள் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. சிறந்த ஒளிபரப்புக்கு வழங்கப்படும் பீபாடி விருது, ‘பவர் பாலிடிக்ஸ் இன் மிசிசிப்பி’ என்ற நிகழ்ச்சிக்காக 1976ஆம் ஆண்டுக்கு இந்த நிலையத்துக்குக் கிடைத்தது. மார்ஷலின் முகத்தை அட்டை போட்டு மறைத்த அதே 3ஆம் சேனல், இருபது ஆண்டுக்குப் பிறகு தேசிய விருது பெற்றது.

நிரந்தர உரிமத்துக்கான போட்டி நத்தை வேகத்தில் நகர்ந்தது. பல குழுக்கள் விண்ணப்பித்தன, பழைய உரிமையாளரும் போட்டியிட்டார். 1979இல்தான் ஆரன் ஹென்றி தலைமையிலான, கறுப்பினப் பெரும்பான்மைப் பங்குடைய நிறுவனத்துக்கு உரிமம் உறுதியானது. 1964 மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பதினைந்து ஆண்டு கழித்து அந்த நிலையத்தின் தலைமையில் அமர்ந்தார்.

2000இல் நிலையம் தென்கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஊடக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2006இல் இன்னொரு நிறுவனத்துக்கும், 2019இல் நாடெங்கும் நிலையங்கள் வைத்திருக்கும் கிரே நிறுவனத்துக்கும் கைமாறியது. 

மற்ற ஊர்களில் விளைந்தது

டெக்சாஸ் மாநில டெக்சார்கானா ஊரில் 1969இல் கறுப்பினக் குழுக்கள் தங்கள் உள்ளூர் நிலையத்தின் மீது மனுப் போட்டன. ஜாக்சனில் நடந்ததைப் பார்த்த அந்த நிலையம் வழக்குக்கு முன்பே பேச்சுக்கு வந்தது. கறுப்பின நிருபர்களை நியமிக்கவும் அவர்களுக்குரிய செய்திகளை ஒளிபரப்பவும் எழுத்தில் ஒப்புக்கொண்டது, மனு திரும்பப் பெறப்பட்டது. என் கணிப்பில் ஜாக்சன் தீர்ப்பின் உண்மையான பலன் இந்த வகை உடன்பாடுகளே. உரிமம் பறிக்கப்பட்ட நிலையங்களை விரல்விட்டு எண்ணலாம். அஞ்சிப் பேச வந்த நிலையங்கள் அதைவிட மிக அதிகம்.

அதே திருச்சபை அலுவலகத்தின் வேண்டுகோளை அடுத்து, வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதியை ஆணையம் 1969இல் கொண்டுவந்தது. 1975இல் அலபாமா மாநிலக் கல்வித் தொலைக்காட்சியின் எட்டு நிலையங்களுக்குப் புதுப்பிப்பை மறுத்தது. கறுப்பினத்தவர் தொடர்பான நிகழ்ச்சிகளை ஒதுக்கியதே காரணம். முன்பு முத்திரை குத்திய அதே அலுவலகம்.

இன்று இதே வழியில் இறங்கினால்

கண்காணிப்பை ஒரு வாரத்தோடு நிறுத்தக் கூடாது. உரிமக் காலத்தில் முன்கூட்டி அறிய முடியாத வாரங்களைப் பிரித்துப் பல முறை எடுத்திருந்தால், 1967இல் மாதிரி போதாது என்ற வாதம் எடுபட்டிருக்காது. குறிப்பெடுத்தவர்களின் பெயரை மறைத்தது அன்று சரியான முடிவு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெயரில்லாத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்ற பலவீனமும் கூடவே வந்தது. இன்று ஒளிப்பதிவு மலிவு, பதிவே சாட்சி சொல்லும்.

ஆணையத்தையே முழுதாக நம்பிய முதல் ஒன்பது ஆண்டுகள் வீணாயின. 1955, 1957, 1962 என்று தனித்தனியாக அனுப்பிய புகார்களை ‘ஆங்கொன்றும் ஈங்கொன்றும்’ என்று தள்ளிவிட முடிந்ததற்குக் காரணம், அவற்றை ஒரே கோப்பாகக் கட்டிப் புதுப்பிப்பு நாளில் மேசைமேல் வைக்க யாரும் இல்லாததே.

சட்டச் சூழலும் மாறிவிட்டது. நியாயக் கோட்பாட்டை ஆணையம் 1987இல் கைவிட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் உரிமக் காலத்தை எட்டாண்டாக நீட்டியதோடு, புதுப்பிப்பின்போது புதிய விண்ணப்பதாரர் வந்து போட்டியிடும் வழியையும் அடைத்தது. ஜாக்சன் மனுதாரர்கள் பிடித்த இரண்டு கைப்பிடிகளும் இன்று இல்லை. நேயருக்கு வழக்காடும் தகுதி என்ற 1966 தீர்ப்பு மட்டும் சட்டத்தில் நிற்கிறது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்பது இப்போது பெரும்பாலும் உரிமையாளர் குழுமங்கள் நிலையங்களை வாங்கி விற்கும் கட்டத்தில் எழுகிறது. எனவே இப்படி ஒரு முயற்சியை இன்று தொடங்குபவர், புதுப்பிப்பு நாளுக்காகக் காத்திராமல் உரிமம் கைமாறும் விண்ணப்பத்தை எதிர்நோக்கிச் சான்றுகளைத் திரட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் 1979க்கு உரியது. நிலையம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பத்தாண்டு போராடியவர்கள், அது அந்தக் கையிலிருந்து எப்படி வெளியேறலாம் என்பதற்கு நிபந்தனை எதையும் உரிமத்தில் எழுதச் செய்யவில்லை. இருபதே ஆண்டில் அது சாதாரண விற்பனைச் சரக்காயிற்று. இலாபநோக்கற்ற அமைப்பு நடத்திய 1971க்கும் 1979க்கும் இடைப்பட்ட காலத்திலேயே, விற்பதானால் உள்ளூர் வாங்குவோருக்கு முன்னுரிமை, வருமானத்தில் ஒரு பங்கு செய்திப் பயிற்சிக்கு என்பது போன்ற ஏற்பாடுகளைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆணையம் கொடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி. 1966க்கு முன் நேயருக்கு வழக்காடும் தகுதியைக் கொடுக்கவும் அது தயாராக இல்லை.